சீட்டுக்கட்டும் சின்ன விரல்களும்

காலை வேளையில் கல்யாணிலிருந்தோ டோம்பிவிலியிலிருந்தோ புறப்படும் மின்சார ரயிலில் சென்றவர்கள் இக்காட்சியைக் கண்டிருப்பார்கள். நாலு பேர் எதிரெதிரே அமர்ந்து, முழங்கால்களின்மேல் ஒரு கைப்பெட்டியையோ மடித்த செய்தித்தாளையோ வைத்துக்கொண்டு, தாதர் வரும் வரையில் சீட்டாடிய வண்ணம் போவார்கள். இறங்கும் நிலையம் நெருங்கியதும் ஆட்டம் கலையும். சீட்டுக்கட்டு ஒருவருடைய பைக்குள் போய்விடும். மறுநாள் காலை அதே இடத்தில் மீண்டும் வெளிவரும். பம்பாய் வாழ்க்கைக்குப் பழகிய நமக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை.

எனினும், சீட்டு என்ற சொல் வீட்டுக்குள் ஒலித்தால் நம்மவர் முகம் மாறிவிடுகிறது. ஊரில் நிலத்தையும் நகையையும் சீட்டில் தோற்ற ஒரு பெரியப்பாவோ மாமாவோ இல்லாத குடும்பம் அரிது. அந்தக் கதை தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருவதால், சீட்டுக்கட்டு வீட்டு வாசற்படியைத் தாண்டலாகாது என்ற விதியும் பல குடும்பங்களில் நிலைத்துவிட்டது. அந்த விதியை நாம் குறை கூற மாட்டோம். அடிபட்டவர்கள் வகுத்த விதி அது.

ஆனால் அண்மையில் நம் வீடுகளுக்குள் சீட்டுக்கட்டு வேறொரு வழியாக நுழைந்திருக்கிறது. பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் ஆட்டம் ஒன்றும் ஆடாமல், பணயமும் வைக்காமல், எதிராளியும் இல்லாமல், கட்டைக் கையில் வைத்துச் சுழற்றுகிறார்கள். ஒரு கையாலேயே கட்டை இரண்டாகப் பிளந்து மேலது கீழாக மாற்றுகிறார்கள். மயில் தோகைபோல் விரிக்கிறார்கள். ஒரு கையிலிருந்து மறு கைக்கு நீரூற்றுப்போல் பாயவிடுகிறார்கள். இதற்கு ஆசான் யாரென்று கேட்டால், கைப்பேசித் திரையைக் காட்டுகிறார்கள்.

சென்ற சில மாதங்களில் நம் சங்க அன்பர்கள் பலர் நம்மிடம் கேட்ட கேள்வி ஒன்றே: "இதைப் பிள்ளைகள் கற்கலாமா? கற்பதானால் எந்தக் காணொளியைப் பார்க்கச் சொல்வது?" முதற் கேள்விக்கு விடை சொல்வது எளிது. இரண்டாவதற்கு விடை காண, நாமும் சில பிள்ளைகளோடு அமர்ந்து பல காணொளிகளைப் பொறுமையாகப் பார்க்க வேண்டியிருந்தது. அவ்வாறு அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

ஒரு தந்தையின் அச்சம்

நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. தந்தை தனியார் நிறுவனத்தில் கணக்கர். அவருடைய தமையனார் சீட்டாட்டத்தில் கடன்பட்டு ஊரைவிட்டே போனவர். இந்த நகரத்துக்கு வந்த பிறகும் அந்த வடு அவருக்கு ஆறவில்லை. ஒருநாள் மகனுடைய பள்ளிப் பைக்குள் சீட்டுக்கட்டைக் கண்டார். வீட்டில் பெரும் புயல் எழுந்தது. மகன் அழுதுகொண்டே, "அப்பா, இது ஆட்டம் இல்லை, பாருங்கள்" என்று செய்து காட்ட முயன்றான். சீட்டுகள் தரையெல்லாம் சிதறின. நாலு மாதம் மறைவாகப் பழகியும் ஒன்றுகூட ஒழுங்காக வரவில்லை. தந்தையின் கோபத்தைவிட, "என் கைக்கு இது வராது போலிருக்கிறது" என்று மகன் சொன்ன சொல்லே தாயை வருத்தியது. அவர்தாம் நம்மிடம் வந்து கூறினார்.

அந்தப் பையனின் கையில் குறை ஒன்றும் இல்லை. அவன் தேர்ந்தெடுத்த காணொளியில்தான் குறை இருந்தது. இதை விளக்குமுன், இக்கலையின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம்.

சீட்டுச் சிலம்பம்

சீட்டு வித்தை நாம் அறிந்ததே. ராணி ராஜாவாவதும், எடுத்த சீட்டு எதிரே இருப்பவர் சட்டைப்பையில் தோன்றுவதும் வித்தை. வித்தைக்காரன் தன் விரல் செய்வதை மறைப்பான். இக்கலையிலோ மறைவே கிடையாது. விரல் செய்வது முழுவதும் வெளியே தெரிய வேண்டும், தெரிவதே அழகு. ஆங்கிலத்தில் சீட்டைக் குறிக்கும் சொல்லையும் கலைத்திறனைக் குறிக்கும் சொல்லையும் இணைத்து இதனைக் கார்டிஸ்ட்ரி என்கிறார்கள். போர் செய்யாமல் கம்பைச் சுழற்றும் அழகுக்காகவே ஆடும் சிலம்பம் நம்மிடம் உண்டல்லவா? அதுபோன்ற இதனைச் சீட்டுச் சிலம்பம் என்று நாம் அழைத்தால் தவறில்லை.

விசிறியும் ஊற்றும் பழைய மேடை வித்தைக்காரர்களிடமும் இருந்தவைதாம். ஆனால் அவை வித்தைக்கு முன் வரும் அலங்காரமாகவே இருந்தன. தனிக் கலையாக இது வளர்ந்தது அண்மைக் காலத்தில். மந்திரக் கலைஞர் டேவிட் காப்பர்ஃபீல்டின் நிகழ்ச்சித் தயாரிப்பாளராக விளங்கிய கிரிஸ் கென்னர், 1992-ல் வெளியிட்ட நூலில் 'சிபில்' என்ற இரு கை வெட்டு முறையை விளக்கினார். இன்று பழகப்படும் எத்தனையோ முறைகள் அதிலிருந்து கிளைத்தவை. 2002-ல் ஜெரி செஸ்ட்கோவ்ஸ்கி இந்த அலங்காரங்களுக்கென ஒரு கலைக்களஞ்சியமே எழுதினார். டான், டேவ் என்ற அமெரிக்க இரட்டைச் சகோதரர்கள் 2004-லும் 2007-லும் வெளியிட்ட குறுந்தகட்டுப் பாடங்கள் உலகெங்கும் இளைஞர்களை ஈர்த்தன. 2005-ல் யூடியூப் தோன்றிய பின்னர் இக்கலை வீடுதோறும் புகுந்தது. சிங்கப்பூரைச் சேர்ந்த வர்ட்ஸ் என்னும் இளைஞர் குழுவினர் 2012-ல் இக்கலைக்கென்றே 'வர்ச்சுவோசோ' என்ற சீட்டுக்கட்டை வடிவமைத்தனர். 2016-ல் பெர்லினிலும் 2018-ல் ஹாங்காங்கிலும் இக்கலைஞர்களின் மாநாடுகள் நடந்தன.

நமது நாட்டுக்கும் சீட்டுக்கும் உள்ள உறவு பழையது. பாபர் 1527-ல் சிந்து நாட்டு நண்பர் ஒருவருக்குக் கஞ்சிஃபா சீட்டுகள் அனுப்பிய செய்தி அவருடைய நினைவுக்குறிப்புகளில் இருக்கிறது. வங்காளத்து விஷ்ணுபுரத்தில் இன்றும் தசாவதாரச் சீட்டுகளைக் கையால் தீட்டுகிறார்கள். அவதாரத்துக்குப் 12 வீதம் மொத்தம் 120 சீட்டு. நாம் வாழும் இந்த மகாராஷ்டிரத்திலேயே சாவந்தவாடியில் அத்தொழில் நடக்கிறது. வட்டமான அந்தச் சீட்டுகளைக் காணும்போது, சீட்டு என்றாலே சூதுதான் என்ற எண்ணம் சற்றுத் தளரும்.

பார்ப்பது வேறு, கற்பது வேறு

இப்போது காணொளிக்கு வருவோம். முதலில் ஓர் எச்சரிக்கை. 2018-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்து வெளியிட்டார்கள். மேசைமேல் பாத்திரங்கள் அசையாதிருக்க விரிப்பை மட்டும் உருவும் வித்தையைச் சிலருக்கு ஒரு முறையும் சிலருக்கு 20 முறையும் திரையில் காட்டினார்கள். 20 முறை பார்த்தவர்களுக்கு, "நம்மாலும் இது முடியும்" என்ற நம்பிக்கை மிகுந்தது. அம்பு எறியும் மற்றொரு சோதனையிலும் பலமுறை பார்த்தவர்கள் தாம் நன்றாக எறிவோம் என்று எதிர்பார்த்தார்கள். எறிந்தபோதோ ஒரு முறை பார்த்தவர்களைவிடத் திறமை கூடவில்லை. பந்தாட்டக் கட்டைகளை மாற்றி மாற்றித் தூக்கிப் பிடிக்கும் வித்தையைப் பார்த்தவர்களின் கையில் அக்கட்டைகளைச் சிறிது நேரம் வெறுமனே பிடிக்கக் கொடுத்தார்கள். உடனே அவர்களுடைய மிகை நம்பிக்கை குறைந்தது.

இதிலிருந்து பெற்றோர் அறிய வேண்டியது யாது? பிள்ளை ஒரு மணி நேரம் காணொளி பார்த்தால் ஒரு மணி நேரம் கற்றதாகாது. பார்க்கப் பார்க்க நம்பிக்கை வளர்கிறது. கையோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. பிறகு கட்டை எடுத்தவுடன் சீட்டுகள் சிதறும்; வளர்ந்த நம்பிக்கை அத்தனையும் ஏமாற்றமாக மாறும். நாம் மேலே கூறிய பையனுக்கு நேர்ந்தது இதுவே. அவன் பார்த்த காணொளியில் 10 நிமிடத்தில் 30 அலங்காரங்கள். பின்னணியில் முழங்கும் இசை. விரல்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது உண்மையில் கண்காட்சி. பாடம் என்று பெயர் மட்டும் சூட்டியிருந்தார்கள்.

ஆகவே, நல்ல பாடத்துக்கு நாம் கண்ட இலக்கணங்களை வரிசையாகக் கூறுவோம்.

நல்ல பாடத்தின் இலக்கணங்கள்

முதலாவது, காமிரா நிற்கும் இடம். ஆசிரியர் எதிரே அமர்ந்து கற்பித்தால் அவருடைய வலக்கை நமக்கு இடப்புறம் தெரியும். கற்பவன் ஒவ்வொரு கணமும் மனத்துக்குள் இடத்தை வலமாக மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். ஆசிரியரின் தோளுக்குப் பின்னிருந்து படம் பிடித்திருந்தால், திரையில் தெரியும் கைகள் கற்பவனின் கைகளைப்போலவே அமைந்திருக்கும். இரு கோணங்களும் இருப்பது சிறப்பு. ஒன்றுதான் இருக்குமானால் தோள்புறக் கோணமே மேல்.

இரண்டாவது, பிடி. சங்கீதத்தில் சுருதி சேர்ப்பதுபோல் இக்கலையில் பிடி. கட்டு உள்ளங்கையில் ஆழ அமர வேண்டுமா, விரல்நுனிகளில் உயர்ந்து நிற்க வேண்டுமா என்பதை ஆசிரியர் முதலிலேயே நிறுத்திக் காட்ட வேண்டும். உதாரணமாக, தொடக்கத்தில் எல்லோரும் கற்கும் சார்லியர் வெட்டைப் பாருங்கள். கட்டு ஒரே கையின் விரல்நுனிகளில் உயர நிற்கிறது. ஒரு பக்கம் கட்டைவிரல், மறுபக்கம் நடுவிரலும் மோதிரவிரலும், முனையில் சுண்டுவிரல். கட்டைவிரல் சற்றே விலகக் கீழ்ப்பாதி உள்ளங்கையில் விழுகிறது. சுட்டுவிரல் அந்தப் பாதியின் ஓரத்தை அடியிலிருந்து கட்டைவிரல் பக்கமாக மேலே தள்ளுகிறது. அது நிமிர்ந்து மேற்பாதியைக் கடந்ததும் மேற்பாதி கீழே இறங்குகிறது; தள்ளப்பட்ட பாதி அதன்மேல் மூடிக்கொள்கிறது. இத்தனையும் ஒரு நொடிக்குள் முடியும். கட்டு உள்ளங்கையில் ஒட்டிக்கிடந்தால் கீழ்ப்பாதி விழ இடமே இராது. "உயரப் பிடி" என்ற ஒரு சொல்லைச் சொல்லாத ஆசிரியரிடம் மாணவன் ஒரு மாதத்தை வீணாக்குவான்.

மூன்றாவது, வேகம். முதலில் இயல்பான வேகத்தில் ஒருமுறை, பிறகு மிக மெதுவாக, பிறகு மீண்டும் இயல்பாக என்று காட்டுவது நல்ல முறை. இடையில் படத்தை வெட்டி ஒட்டக் கூடாது. வெட்டிய இடத்தில்தான் பெரும்பாலும் கடினமான அசைவு மறைந்திருக்கும். யூடியூபில் படத்தின் வேகத்தைப் பாதியாகவோ காற்பங்காகவோ குறைக்கும் வசதி உண்டு. அதைப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுங்கள்.

நான்காவது, பிழை கூறுதல். "இப்படிச் செய்" என்பவர் அரை ஆசிரியர். "இப்படிச் செய்தால் இன்னது தவறும், தவறினால் இந்த விரலைப் பார்" என்பவரே முழு ஆசிரியர். தம் கையிலிருந்தும் சீட்டு விழுவதைக் காட்டத் தயங்காதவர் மிக நல்ல ஆசிரியர். பாடம் முழுவதும் ஒரு சீட்டும் விழாத காணொளியைக் கண்டால், பல முறை எடுத்து நல்லதை மட்டும் சேர்த்திருக்கிறார்கள் என்று பிள்ளைக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

ஐந்தாவது, வரிசை. எதற்குப் பின் எது என்று சொல்லாத பாடம் படியில்லாத மாடி. நமக்கு ஏற்றதாகத் தோன்றும் வரிசை இது: முதலில் ஒரு கை சார்லியர் வெட்டு; அடுத்து, வலக்கைச் சுட்டுவிரலால் மேற்பாதியை விலக்கி இடக்கைக்குத் திருப்பும் ஸ்விங் வெட்டு; பிறகு இரு பாதியையும் சடசடவென்று கோத்துப் பாலம்போல் வளைத்து இறக்கும் ரிஃபிள் கலைப்பு; பிறகு விசிறி; பிறகு துணி விரித்த மேசைமேல் சீட்டுகளை வரிசையாகப் பரப்பிப் புரட்டுவது; அதன் பின்னரே ஊற்று. சிபில் முதலிய பல துண்டு வெட்டுகள் இவை கைவந்த பின்னர் வரட்டும்.

ஆறாவது, அளவு. 50 அலங்காரங்கள் அடங்கிய தொகுப்பைவிட, ஒன்றை மட்டும் 10 நிமிடம் விளக்கும் பாடம் மேலானது. தொகுப்பு கண்ணுக்கு விருந்து, கைக்கு அஜீரணம்.

ஏழாவது, நன்றியறிதல். இந்த அசைவை முதலில் அமைத்தவர் இன்னார் என்று சொல்லும் ஆசிரியரை நம்பலாம். கலைக்கும் பரம்பரை உண்டு. பிறர் கண்டதைத் தமதென்று காட்டுபவரிடம் பிள்ளைகள் கற்கும் பாடம் சீட்டோடு நிற்காது.

விலைக்கு வாங்கலாமா?

காசு கொடுத்துப் பெறும் பாடங்களும் உண்டு, காசின்றிக் கிடைப்பவையும் உண்டு. மேலே கூறிய தொடக்க வரிசை முழுவதற்கும் விலையில்லாப் பாடங்களே போதும். முதல் ஆறு மாதம் ஒரு ரூபாயும் செலவிட வேண்டா. அதன் பின்னும் ஆர்வம் குன்றாதிருந்தால் விலைப்பாடத்தை எண்ணலாம்.

வாங்குமுன் ஒன்று செய்யுங்கள். விளம்பரத்துக்கென்று வெளியிடும் முன்னோட்டப் படத்தைக் கண்டு முடிவு செய்யாதீர்கள். முன்னோட்டம் ஆசிரியரின் விரல் திறமையைக் காட்டும்; கற்பிக்கும் திறமையைக் காட்டாது. இரண்டும் வேறு. அதே ஆசிரியர் விலையின்றி வெளியிட்ட பாடம் ஒன்றைப் பிள்ளை பார்த்துப் பழகட்டும். இரு வாரத்தில் அந்த ஒன்று கைவந்தால் வாங்குங்கள். எத்தனை அலங்காரங்கள், மொத்தம் எத்தனை மணி நேரம், தொடக்கநிலைக்கு உரியதா என்பவற்றையும் கேட்டறியுங்கள்.

விலைப்பாடங்களைக் களவாகப் படியெடுத்து நண்பர்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் வழக்கம் பரவியிருப்பதாகப் பிள்ளைகளே சொல்கிறார்கள். அதைத் தடுக்க வேண்டியது நம் கடமை. இக்கலைஞர்களில் பலர் இளைஞர்கள். பாடம் விற்றே பிழைப்பவர்களும் அவர்களில் உண்டு.

கட்டும் கையும்

எத்தனை நல்ல பாடமாயினும் கட்டுப் பொருந்தாவிட்டால் பயனில்லை. உலகில் இரு அளவுகள் வழங்குகின்றன. போக்கர் அளவு என்பது அகலம் 63 மில்லிமீட்டர், உயரம் 88 மில்லிமீட்டர். பிரிட்ஜ் அளவு உயரத்தில் அதுவே. அகலம் மட்டும் 57 மில்லிமீட்டர். பாடக் காணொளிகளில் பெரும்பாலும் போக்கர் அளவே காணப்படும். சின்னக் கைகளுக்கு அது அகலமாக இருக்கலாம். பத்து வயதுப் பிள்ளை ஒரு கை வெட்டுக்குத் திணறினால், பாடத்தை மாற்றுமுன் பிரிட்ஜ் அளவுக் கட்டைக் கொடுத்துப் பாருங்கள்.

முழுப் பிளாஸ்டிக் சீட்டு நெடுநாள் உழைக்கும். தண்ணீர் பட்டாலும் கெடாது. ஆனால் வழுக்கும். காகிதச் சீட்டின் மேற்பரப்பில் நுண்ணிய குழிகள் பதித்திருந்தால் சீட்டுகளுக்கிடையே காற்று தங்கி விசிறி சீராக விரியும். 1885 முதல் வெளிவரும் பைசிக்கிள் கட்டு இதற்குப் பெயர்போனது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நம் பம்பாய் மழைக்காலத்தில் காகிதச் சீட்டு ஈரம் குடித்து வளைந்து ஒட்டிக்கொள்ளும். பழகி முடித்ததும் பெட்டிக்குள் இட்டுக் கனமான புத்தகத்தின் அடியில் வைப்பது நல்லது. நாலு மாதம் பழகிய கட்டில் விசிறி சரியாக வரவில்லையென்றால், குற்றம் பிள்ளையினுடையதா கட்டினுடையதா என்று புதுக் கட்டு ஒன்றைக் கொண்டு சோதித்த பின்னரே சொல்ல வேண்டும்.

பழகும் முறைக்குச் சில குறிப்புகள்: கட்டிலின் முன்போ விரித்த மெத்தையின் முன்போ நின்று பழகினால், விழும் சீட்டைக் குனிந்து பொறுக்கும் வேலை குறையும். ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் பழகுவதைவிட, காலையில் 15 நிமிடமும் மாலையில் 15 நிமிடமும் பழகுவது பலன் தரும். விரலோ மணிக்கட்டோ வலித்தால் அன்று நிறுத்திவிட வேண்டும். தன் கையைத் தானே கைப்பேசியில் படம் பிடித்து ஆசிரியரின் கையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது சிறந்த வழி. ரிஃபிள் கலைப்பின் சடசடப்பு அடுக்குமாடி வீட்டில் இரவு பத்து மணிக்குமேல் அடுத்த வீட்டுக்கும் கேட்கும் என்பதையும் நினைவூட்டுங்கள்.

கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு ஒரு வேடிக்கை சொல்லிவைக்கலாம். 52 சீட்டை 26, 26 ஆகச் சரிபாதியாக வெட்டி, மேற்சீட்டு மேலேயே இருக்கும்படி ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிழையின்றிக் கோத்தால், 8-வது முறையில் கட்டுப் பழைய வரிசைக்கே திரும்பிவிடும். கையால் செய்ய நாளாகும். தரையில் பரப்பி ஒவ்வொன்றாக அடுக்கிச் சரிபார்க்கலாம்.

மொழி என்னும் இலாபம்

நாம் எதிர்பாராத ஒன்றையும் கண்டோம். இப்பாடங்களில் மிகுதியானவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் இந்தியும் மராத்தியும் தடையில்லை, தமிழ்தான் தடைப்படுகிறது. ஒரு வீட்டில் பேரன் காணொளியைக் கேட்டுப் பாட்டிக்குச் சொல்ல, பாட்டி எதிரே அமர்ந்து, "சுட்டுவிரலை மடக்கு, மோதிரவிரல் நழுவுகிறது பார், சுண்டுவிரலை முனைக்குக் கொண்டுவா" என்று திருத்திக்கொண்டிருந்தார். ஐந்து விரல்களுக்கும் தமிழ்ப் பெயர் தெரியாதிருந்த அந்தப் பேரன் இப்போது அவற்றைத் தவறாமல் சொல்கிறான். மடக்கு, நீட்டு, தள்ளு, நழுவவிடு, புரட்டு, கோத்துக்கொள் என்ற வினைச்சொற்களெல்லாம் அவன் நாவில் ஏறிவிட்டன. பாட நூலை வைத்துக்கொண்டு இத்தனை சொற்களை இத்தனை விரைவில் கற்பித்திருக்க முடியுமா என்பது ஐயம்தான்.

சூதின் நிழல்

இனி அந்தத் தந்தையின் அச்சத்துக்கு வருவோம். அதைச் சிரித்து ஒதுக்குவது தகாது. கைப்பேசியில் சீட்டுப் படம் பார்க்கும் பிள்ளையின் முன் பண ஆட்ட விளம்பரம் வந்து நின்ற காலம் உண்டு. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களையும் அவற்றின் விளம்பரங்களையும் தடை செய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சட்டம் வெளியே காவல் நிற்கலாம். வீட்டுக்குள் காவல் நாம்தாம். மூன்று விதிகளை வைத்துக்கொள்வது நன்று. பாடக் காணொளியைக் கூடத்தில் எல்லோரும் இருக்கும் இடத்தில் பார்க்க வேண்டும். தேர்ந்தெடுத்த ஒரு பாடம் முடிந்ததும் திரையை மூடிவிட்டுக் கட்டை எடுக்க வேண்டும். எந்த நிலையிலும் சீட்டோடு பணத்தைச் சேர்க்கக் கூடாது. பந்தயம் என்ற பேச்சே கூடாது.

இன்னொன்றும் உண்டு. சூதாட்டத்தில் எதிராளி தோற்றால்தான் நமக்கு ஆதாயம். சீட்டு எப்படி விழும் என்பது நம் கையில் இல்லை. சீட்டுச் சிலம்பத்தில் யாரும் தோற்பதில்லை. எல்லாம் நம் கையிலேயே இருக்கிறது. இதைத்தான் அந்தத் தந்தையிடம் சொன்னோம். அவர் உடனே ஒப்பவில்லை. "சார், என் அண்ணனும் முதலில் விளையாட்டுக்காகத்தான் தொட்டான்" என்றார். அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. "ஒரு மாதம் கூடவே அமர்ந்து பாருங்கள், பிறகு முடிவு செய்யுங்கள்" என்று மட்டும் கேட்டுக்கொண்டோம். கண்ணுக்கெதிரே நடப்பதானால் ஆகட்டும் என்றார்.

பையனுடைய பழைய காணொளியை விலக்கி, மேலே கூறிய இலக்கணங்களுக்கு ஒத்த ஒன்றைத் தேடினோம். கிடைத்த பாடம் பார்ப்பதற்குக் கவர்ச்சியற்றது. இசை இல்லை, ஆசிரியரின் முகமும் தெரியவில்லை, சாதாரண மேசை, இரு கைகள், சார்லியர் வெட்டு ஒன்றே ஒன்று. ஆசிரியர் இரு முறை சீட்டைக் கீழே போட்டு, ஏன் விழுந்தது என்று விளக்குகிறார். பையனுக்கு முதலில் அது பிடிக்கவில்லை. மூன்றாம் நாள், தான் இதுவரை கட்டை உள்ளங்கையில் தாழ்த்திப் பிடித்திருந்ததைக் கண்டுகொண்டான். மூன்றாம் வாரம், பத்தில் எட்டு முறை வெட்டுத் தவறாமல் விழுந்தது.

அந்த மாத முடிவில் அவர்கள் வீட்டுக்குச் சென்றிருந்தோம். மகன் கட்டிலின் முன் நின்று பழகிக்கொண்டிருந்தான். தந்தை அருகில் அமர்ந்து, விழுந்த சீட்டுகளைப் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பழகி முடிந்ததும் கட்டை அவர் வாங்கி, கணக்கருக்கே உரிய நிதானத்தோடு 52 சீட்டும் இருக்கின்றனவா என்று எண்ணினார். எண்ணிப் பெட்டிக்குள் இட்டு, அலமாரியில் தம் கணக்குப் புத்தகத்தின் அடியில் வைத்தார். "அனுமதி கொடுத்துவிட்டீர்களா?" என்று கேட்டோம். "இன்னும் ஒரு மாதம் பார்க்கிறேன்" என்றார். மகன் சிரித்தான். அதுவே போதுமென்று நாமும் விடைபெற்றோம்.

தம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பயன்பட்ட நல்ல பாடங்களைப் பற்றி அன்பர்கள் நமக்கு எழுதினால், அடுத்து வரும் இதழ்களில் மற்றக் குடும்பங்களுக்கும் தெரிவிப்போம்.